நடுவில் ஒரு ட்ரங்க்

கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுத்துப் பிழைப்பவனின் தலையெழுத்து இதுதான்: வேலை சரியாக முடிந்தால் ஒருவருக்கும் தெரியாது, முடியாவிட்டால் ஊருக்கே தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

கேள்வித்தாள்

அது ஒரு விடுதிப் பள்ளி. எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் பிள்ளைகளின் லேப் கம்ப்யூட்டர்களும் ஒன்றாகவே இணைக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் வகுப்புச் செல்வி, கிளியூர்ப் பெண், லேபில் எதையோ தேடப்போக, அரையாண்டுக் கணக்குக் கேள்வித்தாள் திரையில் வந்து நின்றது. நானாக இருந்தால் சத்தமில்லாமல் பார்த்து எழுதி வைத்துக்கொண்டிருப்பேன். அவள் நேரே போய்த் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள்.

சிஸ்டர் லேபைப் பூட்டினார். "எல்லாம் உன்னாலதான்" என்று மற்றப் பிள்ளைகள் செல்வியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பெட்டியில் சேர்ந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி பிரிப்பது என் வேலை. எங்கள் பாஷையில் அதற்கு விலான் என்று பெயர். சிஸ்டர் கறாராகச் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள பிரிச்சுக் குடுங்க. இல்லீன்னா அத்தன கம்ப்யூட்டரையும் திருப்பி அனுப்பிருவேனுங்க."

பலகை

எல்லா வயர்களும் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர் வைத்தவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். 'ஸ்விட்ச் வருகிறது. ஒன்றரை அடி அகலத்துக்குச் சுவரில் இடம் தயாராக இருக்கட்டும்' என்று ஆபீஸுக்குக் கடிதம் போட்டிருந்தேன். ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர் பழனிசாமி. முன்பு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் என்பதால் இங்கேயும் எல்லாருக்கும் அவர் ரைட்டர்தான். தச்சரை வரவழைத்து, கதவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், வார்னிஷ் அடித்த பலகை ஒன்றை அறைந்து வைத்திருந்தார். அழகான வேலை, குறை சொல்லவே மனம் வரவில்லை. அவருக்குத்தான் ஒரு சந்தேகம்: "ஏனுங்க, ஒன்றரை அடிக்கு சுவிட்சுன்னா, பல்பு எத்தாச்சோடு இருக்குமுங்க?"

ட்ரங்க்

இன்டர்நெட் வரும் வாசலில் காவலுக்கு நிற்கும் பெட்டி ஃபயர்வால். அதற்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரே வயரில் ஆபீஸ், லேப் இரண்டின் போக்குவரத்தும் ஓட வேண்டும். அந்த இணைப்பை ட்ரங்க் என்போம். இரண்டு பெட்டிகளையும் முன்பே வைத்துவிட்டுச் சேலம் திரும்பியிருந்தேன். புதன்கிழமை சேலத்திலிருந்து போன் போட்டு, "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ட்ரங்க் வேணுங்க, மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன். மலையில் மழை, லைனில் இரைச்சல். ரைட்டர் "ஆகட்டுங்க" என்றார்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், ஃபயர்வாலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் விடுதிப் பிள்ளைகள் கொண்டுவருகிற மாதிரி ஒரு தகர ட்ரங்க் பெட்டி, பச்சைப் பெயிண்ட் காயாமல், பூட்டோடு உட்கார்ந்திருந்தது. ரைட்டர் சாவியை என் கையில் கொடுத்தார்: "வெறும் பொட்டியா வெச்சா நல்லாருக்காதுன்னு உள்ளாற ஒரு கம்பளியும் போட்டு வெச்சிருக்குதுங்க."

நம்பர்

வயரைப் போட்டேன். ஆபீஸ் ஓடியது, லேப் பிணமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். மறுநாள் கெடு. செல்வி வராந்தா வழியாகத் தனியாகப் போனதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் வயரிலிருந்து ஆரம்பித்தேன்.

அதே அறையில் விடுதி மேட்ரன் எஸ்தரம்மா சலவைக்குப் போகும் பிள்ளைகளின் துணிகளில் நம்பர் தைத்துக்கொண்டிருந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். "ஒரே வயர்ல ரெண்டு பேர் சாமானும் போகுதுங்கம்மா. ஆபீசுக்குப் பத்து, லேபுக்கு இருபதுன்னு நம்பர் ஒட்டி அனுப்பறேன். அப்பவும் லேபுக்கு ஒண்ணும் வந்து சேரலீங்க" என்றேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அனுப்பறப்ப ஒட்டுனீங்க, சரிங்க. திரும்பி வர்றதுக்கு ஆரு ஒட்டுனாங்க?"

ஒருவரும் ஒட்டவில்லை! ஃபயர்வால் பக்கம் லேபின் நம்பரைச் சேர்க்க அடியோடு மறந்திருந்தேன். சேர்த்ததும் லேப் விழித்துக்கொண்டது. நன்றி சொன்னேன். எஸ்தரம்மா பெருமூச்சு விட்டார்: "உங்குளுதாச்சும் வந்துருச்சுங்க. எனக்கு இன்னும் மூணு பாவாடை வரோணும்."

சோதனை

சனிக்கிழமை காலை சிஸ்டர் லேபைத் திறந்து, மொத்த வகுப்பின் முன்னால் செல்வியை அதே கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். "அன்னைக்கு எப்படி எடுத்தியோ, அப்படியே எடு கண்ணு." அவள் அன்று போன வழியில் போனாள். பிறகு வேறு வழிகளையும் விடவில்லை. கால் மணி நேரம் கழித்து, "வரலீங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் லேப் பூட்டைக் கழற்றி ரைட்டரிடம் கொடுத்துவிட்டார். பின்னால் நின்ற ஒரு பெண் ஸ்டூலை இழுத்துப்போட்டுச் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இல்லாத வயரைக் குனிந்து சரிசெய்தேன். நிமிர்ந்தால் செல்வி எதிரே நிற்கிறாள்: "ஏனுங்க சார், திங்கக்கெழமையும் ஒருக்கா வருதான்னு பாக்கட்டுங்களா?"

நான் கட்டிய சுவரை இடித்துப் பார்க்க என்னிடமே அனுமதி கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பதால், தாராளமாகப் பார் என்று வாயால் சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை சரிபார்த்த பிறகுதான் மலை இறங்கினேன்.