செம்புக் குழாய் வாங்க வந்தது யார்?

இன்று லத்தா கடைத்தெருவில் ஏசி சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வீட்டில் பீர் காய்ச்சுவது நான்தான். என் கணவர் கணேசன் பை தூக்க மட்டுமே வந்தார்.

கொதித்த மால்ட் தண்ணீரைச் சீக்கிரம் ஆறவைக்காவிட்டால் கெட்டுப் புளித்துவிடும். போன முறை ஒரு பானை முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். கரண்ட் இருக்கிற லட்சணத்தில் ஐஸை நம்ப முடியாது. அதனால் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கி, அதன் வழியே பச்சைத் தண்ணீரை ஓடவிடலாம் என்று திட்டம்.

"மெல்லிசா வளையிற குழாய் வேணும் பாய்" என்றேன்.

கடைக்காரர் கணேசனைப் பார்த்து, "எதுக்கு தம்பி?" என்றார்.

நான் விளக்கினேன். "நானே வளைச்சுத் தர்றேன் தம்பி" என்றார், மறுபடியும் கணேசனிடம்.

"உள்ளே மணல் நிரப்பிட்டு வளைங்க பாய். இல்லாட்டி நசுங்கிடும்."

"வீட்டுக்காரம்மாவுக்குப் பயம்" என்று கணேசனிடம் சிரித்துக்கொண்டே வளைத்தார். குழாய் நசுங்கியது.

"செம்பு சரியில்ல தம்பி" என்றார். அதையும் கணேசனிடமே.

வேறு குழாய் வாங்கிக்கொண்டு இன்சீனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன். மணல் நிரப்பி, பெயிண்ட் டப்பாவில் சுற்றி நானே வளைத்தேன். ஒரு மடிப்புகூட விழவில்லை. சாயங்காலம் பானை மளமளவென்று ஆறியது.

எனக்குத்தான் ஆறவில்லை. "அங்கே ஏன் வாயே திறக்கல?" என்று கணேசனைக் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் நீதான் பதில் சொன்னியே" என்றார். அடுத்த மூச்சிலேயே, "பீர் எப்ப தயாராகும்?"

இவருக்கு ஒரு கிளாஸாவது கொடுக்கலாமா? பெண்கள் மட்டும் பதில் சொல்லவும்.