அக்காவின் வகுப்பைக் காத்தவர்கள்

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவிடம் நான்காம் வகுப்பு படித்தவர்கள். அக்கா பாடம் நடத்திய நாட்கள் உங்களுக்குத் தெரியும். படுத்துக் கிடந்த நாட்கள் தெரியாது. அதை எழுத வேண்டியவள் உடன்பிறந்த நான்தான்.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் அக்கா பிறந்தார். மழை பெய்தால் கடலை போடுவோம், பொய்த்தால் கூலிக்குப் போவோம். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. ஊரார் பேச்சைக் காதில் வாங்காமல் அம்மா அக்காவைத் திண்டுக்கல் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். பின்பு ஆசிரியப் பயிற்சி. அங்கே கிடைத்த தோழிகள்தான் ஆரோக்கியமேரி டீச்சரும் சுப்புலட்சுமி டீச்சரும். மூவருக்கும் நகரில் ஒரே பள்ளியில் வேலை அமைந்தது. அக்காவின் சம்பளத்தை நம்பி அம்மாவும் நானும் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தோம்.

ஐம்பதுகளின் பின்பாதியில் அக்காவுக்குக் கல்யாணமானது. இரண்டாம் வருடம், வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது இருமல் வந்து முந்தானையில் இரத்தம் பட்டது. காசநோய் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே அக்காவின் சேலைகள் ஒரு டிரங்குப் பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. மறுநாள் அக்கா வந்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதை அக்கா விரும்ப மாட்டார்.

மதுரைப் பக்கம் ஒரு காசநோய் மருத்துவமனையில் பதினோரு மாதம் இருந்தார். உறவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பயம் எல்லோருக்கும் இருந்தது. அம்மாவோடு போன நானும் வார்டு ஜன்னலுக்கு எதிரே சில அடி தள்ளி இருந்த மரத்தடியைத் தாண்டிப் போனதில்லை.

மேரி டீச்சர் ஞாயிறுதோறும் காலைப் பூசை முடித்து ரயிலேறி வருவார். பையில் அக்கா வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள் இருக்கும். வார்டு ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். அக்கா மார்க்குச் சொல்லுவார். மேரி டீச்சர் சிவப்பு மையில் போட்டுக்கொள்வார்.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது அக்காவுக்கு அடுத்த கட்டில் காலியாக இருந்தது. அதில் கிடந்த நத்தத்துக்காரப் பெண் முந்தின நாள் இறந்திருந்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னத்துக்கு மேரி இதெல்லாம்? அடுத்தது நான்தான். போயிரு" என்றார்.

மேரி டீச்சர் நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. அக்கா அசையவில்லை. மூன்றாவதை ஒரு பையன் மழையைப் பற்றி எழுதியிருந்தான்.

"மழைக்கு எந்த 'ழ' போட்டிருக்கான், பாத்துச் சொல்லு" என்று சுவரைப் பார்த்தபடியே அக்கா கேட்டார்.

"தப்பாத்தான் போட்டிருக்கான்."

"அப்ப அவனுக்கு ஆறு போதும்."

சுப்புலட்சுமி டீச்சர் ஒருமுறைகூட வரவில்லை. அவருக்கு அப்போது கைக்குழந்தை. எனக்கு அது காரணமாகவே படவில்லை. ஒருநாள் மார்க்கெட் தெருவில் என்னைப் பார்த்து, தொண்டை கட்டிய குரலில் "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இதை மரத்தடியில் நின்றபடியே அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது, "பயப்படுறவங்கள வையாதடி. அவளும் ஒரு பிள்ளைக்குப் பாலு குடுக்கிறவ" என்றார் அக்கா.

குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் மற்றது தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது, வேறு ஆள் போட வேண்டும் என்று பள்ளி நிர்வாகி சொல்லியிருக்கிறார். சுப்புலட்சுமி டீச்சர் தலைமையாசிரியரிடம் போய், "வகுப்பு சும்மா கெடந்தாத்தான சார் ஆளு போடணும்? ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்" என்றாராம். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையிலும் வராந்தாவிலுமாக உட்கார வைத்து, பதினோரு மாதமும் கத்திக் கத்திப் பாடம் நடத்தியிருக்கிறார். மேரி டீச்சர் சுமந்து வந்த கட்டுரைகளை எழுத வைத்தவரே அவர்தான். அந்தத் தொண்டை பிறகு சரியாகவே இல்லை. இன்றும் அவர் பேசினால் கிட்டே போய்த்தான் கேட்க வேண்டும்.

அதன் பின் அக்கா எட்டு ஆண்டுகள் அந்த வகுப்பில் நின்றார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். போன வருடம் நோய் திரும்பி வந்தது. இந்த முறை ஊசி மருந்து எதுவும் பிடிக்கவில்லை. நாற்பது நாளில் உடம்பு கூடாகிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரம் மூச்சு நின்றது.

உறவினர்கள் வந்தார்கள், தெருவில் நின்றார்கள். குளிப்பாட்ட யாரும் உள்ளே வரவில்லை. நான் நான்கு மாதக் கர்ப்பிணி என்று வாசலில் நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. தோழிகள் இருவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் சுப்புலட்சுமி டீச்சரின் அந்தக் கம்மிய குரல்: "வெந்நி ஊத்து மேரி. பச்சத் தண்ணி அவளுக்குச் சேராது."

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், ஊசி போட வீட்டுக்கு வந்த நர்சம்மாவுக்கும், பாடை தூக்கிய சக ஆசிரியர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேரி டீச்சருக்கு அக்காவின் இடத்திலிருந்து என் வணக்கம். சுப்புலட்சுமி டீச்சரே, அன்று தெருவில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்க இத்தனை வருடமும் எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் படிக்கும்படி இங்கே கேட்கிறேன்.

தங்கை