மூன்றாவது கேம் வரை

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேண்டீனில் அந்த வாரம் முழுக்க பேட்மிண்டன் பேச்சுதான். சர்வதேசப் போட்டியின் காலிறுதியில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய நம் வீராங்கனை, உலகின் முதல் நிலை ஆட்டக்காரியோடு மோத இருந்தாள்.

“அந்தப் புள்ளைக்குக் கால் போச்சு. மூணாவது கேம் வரைக்கும் போகாது, ரெண்டு கேம்லயே தோத்துரும்” என்றார் எங்கள் சூப்பர்வைசர்.

பெண்கள் மேஜையிலிருந்து முதல்முறையாக நான் வாய் திறந்தேன். “அவ ஆட்டத்தையெல்லாம் போன்ல பாத்துட்டு வரேன் சார். ஆபரேஷனுக்கு முன்ன வலைகிட்ட விழுற பந்த எடுக்கத் தயங்குவா. இப்பப் பாய்ஞ்சு எடுக்குறா. அவதான் ஜெயிப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மூன்றாவது கேம் வரை போராடித் தோற்றாள். மறுநாள் கேண்டீனில் சூப்பர்வைசர் எங்கள் மேஜைக்கே வந்தார். “என்னம்மா, உன் ஆளு என்ன ஆச்சு?”

நான் தலைகுனிந்தேன். பக்கத்திலிருந்த பாகலூர் மஞ்சுளா என் காதருகே, “ரெண்டு கேம்னு சொன்னாரே, அவரு சொன்னதும் தப்புதானே அக்கா?” என்றாள்.

நிமிர்ந்தேன். “நாம ரெண்டு பேரு சொன்னதும் தப்பு சார். அடுத்த போட்டியிலயும் நான் அவ பேரத்தான் சொல்லுவேன்.”

தப்பாகிவிடுமோ என்று பயந்தே இத்தனை வருடம் அங்கே வாய்மூடி இருந்திருக்கிறேன். தப்பாகிப் போனதால் அவர் பேசுவதை நிறுத்திவிடவில்லை. நானும் நிறுத்தப்போவதில்லை.