குமிழியும் திருநீறும்

முதலில் காணாமல் போனது ஒரு பூவின் நடுப்பகுதி. விக்டோரியா மகாராணி காலத்தில், சாதாரண சனத்துக்கும் விளங்கும்படி வழியோரப் பூக்களைப் பற்றி எழுதிய ஓர் ஆங்கிலப் பெண்ணின் வாழ்க்கையை நான் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வரைந்த படத்தில் இதழ்கள் தெரிந்தன. நடுவில் வெறும் புகை. கண்ணாடியைத் துடைத்தும் போகவில்லை.

மக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி, வாசிக்க உதவுவது இதுதான்) துளை என்றார் டாக்டர். சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழி ஒன்றை விடுவார்களாம். அது துளையை அழுத்திப் பிடிக்க, பத்து நாள் நிலத்தைப் பார்த்தபடியே இருக்கவேண்டும். என் இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். வலதும் போனால் புத்தகம் அவ்வளவுதான். பயந்துபோனேன், மறைப்பானேன்.

சத்திரசிகிச்சை முடிந்து, நாங்கள் குடியேறிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊரில், வீட்டு மேசையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கிடந்தேன். என் கணவர் பக்கத்திலிருந்து அந்த ஆங்கிலப் பெண்ணின் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். சனிக்கிழமை தவறாமல் புல்லு வெட்டுகிற மனிசன். களைக்கு இவ்வளவு கதையோ என்று முணுமுணுப்பார். ஆனால் ஒரு பக்கமும் விடமாட்டார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. முருகன் கோயிலால் வந்த கணவர் திருநீறோடு முன்னால் நின்றார். முப்பது வருடப் பழக்கம். கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினேன். அவரும் கண்ணில் கொட்டாமல் கையால் மறைத்துப் பூசிவிட்டார். கண்ணுக்குள் குமிழி தளும்பியபோதுதான் நிமிரக்கூடாதென்பது இருவருக்கும் உறைத்தது.

"என்ர கையாலயே கெடுத்துப்போட்டன்" என்றார்.

திங்கள்வரை டாக்டர் இல்லை. அந்த இரண்டு நாளும் வாசிப்பு நடக்கவில்லை. எனக்கு அவரில் கோபமில்லை, முருகனில்தான்.

துளை மூடத் தொடங்கிவிட்டது, ஒரு நிமிடம் நிமிர்ந்ததால் பழுதில்லை என்றார் டாக்டர். என் கணவர் காருக்குள் ஏறியிருந்து அழுதார். வீட்டுக்கு வந்ததும் விட்ட பக்கத்திலிருந்து தொடங்கினார்.

குமிழியின் விளிம்பு கண்ணுக்குள் ஒரு கோடாகத் தெரியும். அது நாளுக்கு நாள் கீழே இறங்கி, ஆறாம் வாரம் மறைந்தது. அதுவரை எனக்குக் கலண்டர் அதுதான்.

இதே கண் வருத்தம் வந்தவர்களுக்கு: கழுத்து வலியைவிடச் சலிப்புத்தான் கொல்லும். வாசித்துக்காட்ட ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள். எனக்கு இப்போதும் எழுத்து நடுவில் கொஞ்சம் நெளிகிறது. முந்தி ஒரு பக்கம் வாசித்த நேரத்தில் அரைப்பக்கம் போகிறது. போகட்டும், புத்தகம் முடியும். இவர் வேலியோரம் ஒரு துண்டுப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறார். களை பூக்கட்டுமாம்.

உடம்புதான் இன்னும் நம்பவில்லை. திருநீறோடு அவர் வந்தால் தலை தானாகக் குனிகிறது. நாடியில் விரல் வைத்து என் முகத்தை மெல்லத் தூக்குகிறார்.

"இனி நிமிரலாமப்பா."