ஆறரை அரூஸ்

அலவத்துகொடையில் அரூஸின் வாயில் விழுந்து முழுசாக எழும்பிய பண்டம் ஒன்றும் கிடையாது. உம்மா சோற்றுக்கு வைத்த ஆணம், பள்ளிவாசல் கந்தூரிச் சோறு, மச்சான் புதிதாகக் கட்டிய வீடு, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே தீர்ப்புத்தான். "நல்லாத்தான் ஈக்கிது, ஆனா..." என்று தொடங்குவான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்க ஊரில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. வாய் ஓய்ந்தால்தானே.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துத்தான். அஸீமா தன் கையால் செய்த வட்டிலப்பத்தை ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டுவிட்டு, சபையில் இருந்தபடியே, "நல்லாத்தான் ஈக்கிது, ஆனா ஏலக்காய் கொஞ்சம் கூட" என்றான். வீட்டுக்கு வந்ததும் பெண் எப்படி என்று உம்மா கேட்டாள். "ஆறரை" என்றான். பத்துக்கு ஆறரை. அந்த மார்க்கோடுதான் அவளைக் கட்டினான். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் மாமியாரே அதை ஒரு பகிடியாக அஸீமாவுக்குச் சொல்லிச் சிரித்தாள். அஸீமாவும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்?

கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் அரூஸ் போன் திருத்துகிறான். அது சோற்றுக்கு. பேர் வாங்க அவன் வைத்திருப்பது யூடியூப்பில் 'ஆறரை' என்ற சேனல். கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடுகிற விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, தமிழில் குறை சொல்லி, கடைசியில் மார்க் போடுவான். எண்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். சென்னையிலிருந்தும் கட்டாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் "நானா, இந்த கேமைக் கிழிங்க" என்று எழுதுகிறார்கள். ஊரில் காது கொடுக்க ஆளில்லாத வாய்க்கு உலகத்தில் எண்பதாயிரம் காது கிடைத்தால் மனிதன் எப்படி இருப்பான்? அப்படித்தான் இருந்தான்.

ஐந்துக்குக் கீழே அவன் போட்டதில்லை. ஏழுக்கு மேலேயும் போட்டதில்லை. "மோசமான கேமை மோசமெண்டு சொல்ல ஆள் தேவையில்ல. உச்சமானதுக்கும் தேவையில்ல. நல்லதுமில்ல கெட்டதுமில்ல எண்டு நடுவுல கிடக்கிறதுலதான் எங்கட வேல ஈக்கிது" என்பான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மூன்று மார்க் வாங்கிய விளையாட்டை வேடிக்கை பார்க்கவாவது நாலு பேர் இறக்குவார்கள். ஆறரை வாங்கியதைப் 'பிறகு பார்ப்போம்' என்று ஒதுக்குவார்கள், அதோடு அது முடிந்தது. அரூஸுக்கு இது நன்றாகத் தெரியும். அது தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் அந்த இலக்கத்தைச் சொல்வதற்கு முன் சற்று நிறுத்தி, தேத்தண்ணியில் ஒரு மிடறு குடிப்பான்.

போன மாசி மாதம் ஒரு முற்பகலில் நிஷாந்தினி என்ற பெண் அவனுடைய கவுண்டருக்கு வந்தாள். இருபத்தாறு வயது. ஊர் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கண்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை பார்த்துக்கொண்டே, நாலு வருஷமாகத் தனியாளாய் உட்கார்ந்து 'கொழுந்து' என்றொரு விளையாட்டைச் செய்திருந்தாள். ஆடுகிறவர் ஒரு கொழுந்து பறிக்கிற பெண். மழையிலும் சரிவிலும் ஏறி, அட்டைக்கடி பட்டு, பொழுதுக்குள் பதினெட்டு கிலோ சேர்த்து நிறுத்துக் கொடுக்கவேண்டும். அதை முடிக்க வேலையையும் விட்டிருந்தாள்.

"கொழும்புல ஒரு கம்பனி எடுத்து வெளியிடுறோம்னு சொல்லியிருக்காங்க நானா. உங்க வீடியோ வந்த பெறகு முடிவு சொல்றோம்னாங்க. அவங்க எடுக்கலைன்னா இது இத்தோட சரிங்க" என்றாள்.

"அப்ப ஏழுக்கு மேல போடச் சொல்லி வந்தீங்களா?"

"இல்லிங்க. முழுசா ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அது போதும்."

அவன் முழுசாகத்தான் ஆடினான். அதில் குறை சொல்ல முடியாது. ஞாயிறு காலை உட்கார்ந்தவன் பகல் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. மலைச் சரிவில் மழை இறங்குகிற சத்தமும், கூடை நிறைய நிறையக் கால் தளர்ந்துபோவதும் அவனைப் பிடித்துக்கொண்டன. அஸீமா வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. அவனுக்கு அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பயம் வந்தது. ஆறரை அரூஸ் ஒன்றைப் புகழ்வதைப் பார்க்கவா அந்த எண்பதாயிரம் பேரும் வருகிறார்கள்? குறை தேடினான். கிடைத்தது. செடிகளுக்கிடையில் போனால் விளையாட்டின் கமெரா சிக்கிக்கொண்டது. அட்டை இடியாப்பத் துண்டு மாதிரி இருந்தது. எந்த மலைக்குப் போனாலும் ஒரே குருவி ஒரே மாதிரிக் கத்தியது. இவையெல்லாம் உள்ள குறைகள்தான், ஆனால் சின்னக் குறைகள். இவற்றை வைத்து ஒரு ஆளைச் சிரிக்கவைக்க முடியாது.

அப்போதுதான் தராசு கண்ணில் பட்டது. பதினெட்டு கிலோ பறித்துக் கொண்டுபோய் நிறுத்தால் பதினாலு காட்டியது. திரும்ப ஆடினான். பதினாலு. ஐந்து முறை ஆடினான். ஐந்து முறையும் நாலு கிலோவைக் காணவில்லை. கீழே 'அரைப் பேர்' என்று ஒரு சொல் வந்து விழுந்தது. அரூஸ் கதிரையை விட்டு எழும்பிக் கையைத் தட்டினான்.

வீடியோவின் தலைப்பு: 'கூட்டத் தெரியாத விளையாட்டு'. "ஒண்டாம் வகுப்புப் புள்ளைக்கும் தெரியும், பதினெட்டு எண்டா பதினெட்டு. நாலு வருஷம் ஈந்து செஞ்சவங்களுக்குத் தெரியல்ல. அரைப் பேராம். அதென்ன, பேரை வெட்டிப் பாதியா வச்சிருக்கா? மொழியும் பிழை, கணக்கும் பிழை. முயற்சி நல்லம், ஆனா..." தேத்தண்ணியில் ஒரு மிடறு. "ஆறு." அரை மார்க்கையும் பிடுங்கிக்கொண்டான்.

தராசு வருகிற துண்டை மட்டும் வெட்டி வெட்டி எல்லோரும் பகிர்ந்தார்கள். மூன்று நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள் கீழே வரிசையாக நின்றன. 'தோட்டக்காட்டுக்குக் கணக்கு வருமா?' என்று ஒருவன் எழுதினான். அதற்கு நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். அரூஸ் அதை அழிக்கவில்லை. நான் சொல்லவில்லையே, அவன்தானே சொன்னான் என்று இருந்துவிட்டான்.

அஸீமா பன்வில பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறவள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தவள் பையை இறக்கி வைக்காமலே அவன் முன்னால் நின்றாள்.

"அந்தத் தராசு பிழையில்ல. தோட்டத்துல அப்பிடித்தான் நிறுக்கிற. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு, எதுக்கெண்டே தெரியாம இன்னொண்டு. வெயில் நாளையிலயும் ஈரத்துக்குக் கழிப்பாங்க. பதினெட்டு காட்டாட்டி அரை நாள் சம்பளம்தான். அதத்தான் அரைப் பேரெண்டு சொல்ற. என்ட வகுப்புல ஈக்கிற எந்தப் புள்ளையிட்டக் கேட்டாலும் சொல்லும்."

அரூஸின் முகம் ஒரு கணம் செத்தது. பிறகு உயிர் வந்தது. "அப்ப அத கேமுல சொல்லணும். ஆடுறவனுக்கு விளங்காட்டி அது பிழைதான்."

"நீங்க கேக்கல்லயே. அந்தப் புள்ள ஒங்கட கடைக்கே வந்ததே, ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஆடுறவனெல்லாம் அவங்கட வீட்டுக்குப் போய்க் கேப்பானா?"

"நாலு வரி எழுதிப் போடுங்க, எனக்குத் தெரியாமப் போச்செண்டு."

அவன் போடவில்லை. பத்து வருஷத்தில் ஒரு திருத்தம்கூடப் போடாத சேனல் அது. பிறந்ததிலிருந்து ஐந்து மைல் தள்ளித் தெரிகிற மலையில் நடப்பது தனக்குத் தெரியாது என்று மூன்று லட்சம் பேர் முன்னால் எந்த வாயால் சொல்வான்?

அடுத்த கிழமை நிஷாந்தினியும் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"நானா, அது பிழை இல்லிங்க. எங்க அம்மா நிறுக்கிற தராசு அது. கழிக்கிறதை அப்படியே வச்சேன்."

"அப்ப ஒரு வரி போட்டு விளக்கியிருக்கலாமே. இன்னின்ன காரணத்துக்கு இவ்வளவு கழிக்கிற எண்டு."

"எங்க அம்மாவுக்கு யாரும் ஒரு வரி போட்டு விளக்கலிங்க. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. ஆடுறவங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன். அவங்களுக்குக் கோவம் வரணும்னு நெனச்சேன். சிரிப்பாங்கன்னு நெனைக்கல."

அரூஸுக்கு அந்த இடத்தில் குத்தியது. குத்தாமல் இருக்க அவன் கல்லில்லை. ஆனாலும் கையிலிருந்த போனின் பின்மூடியைக் கழற்றுகிறவன் போலத் தலை குனிந்துகொண்டான். "போட்டது போட்டதுதான் தங்கச்சி. நீங்க கேமைத் திருத்துங்க. நான் திரும்ப ஆடிப் பாத்து மார்க்கைக் கூட்டுறன்" என்றான். தன்னிடம் இருந்ததில் பெரிய கொடையைக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தான்.

கொழும்புக் கம்பனியும் அதையேதான் சொன்னது. விளையாட்டு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அந்தத் தராசைச் சரிசெய்தால் எடுக்கிறோம், சிரிப்புக்கிடமான ஒன்றை எங்கள் பெயரில் வெளியிட முடியாது என்று கடிதம் வந்தது. வேலையை விட்டவள், வேறு வழியில்லாதவள், ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தாள். பிறகு சரிசெய்தாள். பதினெட்டு பறித்தால் பதினெட்டு. 'அரைப் பேர்' போய் 'பாதி வெற்றி' வந்தது. கமெராவையும் அட்டையையும் சேர்த்தே திருத்தினாள். குருவியும் இரண்டானது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்து வாசிகசாலையில் வெளியீடு வைத்தார்கள். கம்பனி அரூஸையும் அழைத்தது. குறை சொல்லி விளையாட்டைச் சீராக்கிய விமர்சகர் என்று மேடையில் சொன்னார்கள். அவன் கமெராவோடு போயிருந்தான், ஏழரை என்ற மார்க்கை வாழ்நாளில் முதல்முறையாக அறிவிக்கிற வீடியோவை அங்கேயே எடுத்துவிடலாமென்று. அஸீமாவையும் கூப்பிட்டான். "நீங்க போய் வாங்க" என்றுவிட்டாள்.

கொழுந்து பறிக்கிற ஒருவர் கையில் விளையாட்டைக் கொடுத்துப் படம் எடுக்கவேண்டும் என்று கம்பனி ஆள் ஆசைப்பட்டார். நிஷாந்தினியின் அம்மா வடிவம்மாவை முன்வரிசைக் கதிரையில் உட்கார்த்தினார்கள். மகள் நாலு வருஷமாக என்னென்னவோ கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள்தான். ஆனால் இதுவரை ஆடிப் பார்த்ததில்லை. பெரிய திரை போனைக் கையில் வைத்து, பெருவிரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். வேகம் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அரூஸ் பக்கத்தில் குனிந்து அவள் கையையும் திரையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். விளையாட்டில் பொழுது சாய்ந்தது. கூடையைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தாள்.

பதினெட்டு கிலோ. 'முழு வெற்றி' என்று பூக்கள் சொரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். வடிவம்மா தட்டவில்லை. திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"பாப்பா, இது பழுதாப் போச்சு போல."

கம்பனி ஆள் சிரித்தார். "இல்லம்மா, சரியாத்தான் இருக்கு."

"எங்கங்க சரி? பதினெட்டு எடுத்தேன். பதினெட்டே காட்டுது." பின்னால் நின்றவளிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, தராசு வேலை செய்யல" என்றாள். இன்னொருத்தியும் பார்த்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொல்லவில்லை அவர்கள். பழுதைப் பழுதென்றார்கள்.

வடிவம்மா குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னாள். "வெரசா சரி பண்ணிரு பாப்பா. முன்ன எவனோ பிழை புடிச்சுப் போட்டு நீ சோறு திங்காம கெடந்தியே. இதையும் பாத்தா விடுவானுகளா?" பிறகு கமெரா வைத்திருந்த அரூஸைப் பார்த்துக் கையெடுத்தாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. மேடையில் பேர் சொன்னபோது அவள் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "தம்பி, இந்த எடத்தைப் படம் எடுக்காதீங்க. புள்ள நாலு வருஷம் பாடுபட்டுருச்சு."

நிஷாந்தினி அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "பழுதுதாம்மா. சரி பண்ணிர்றேன்" என்றாள். அரூஸின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கமெராவை இறக்கினான். எல்லாம் பதிவாகியிருந்தது.

இரண்டு நாள் அந்தப் படத்தை அவன் போட்டுப் போட்டுப் பார்த்தான். அதை வெட்டாமல் அப்படியே போட்டு, இதில் பழுது என் கண்ணில்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெண் தன் தராசைத் திரும்ப வைத்திருப்பாள். கம்பனியும் வாய் திறந்திருக்காது. மூன்றாம் நாள் வீடியோ வந்தது. ஏழரை. 'விமர்சனம் வென்றது' என்று தலைப்பு. வடிவம்மா கொழுந்து கிள்ளுகிறாள், தராசு பதினெட்டு காட்டுகிறது, கைதட்டல் கேட்கிறது, அதோடு படம் அடுத்த மலைக்குத் தாவிவிடுகிறது. ஐம்பது விநாடியை வெட்டி எறிந்திருந்தான்.

அஸீமா கேட்டாள், அங்கு வேறொன்றும் நடக்கவில்லையா என்று. நடந்ததைச் சொன்னான். ஏன் போடவில்லை என்று கேட்டாள். அந்த அம்மாதான் எடுக்கவேண்டாமென்று கையெடுத்துக் கேட்டாள் என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.