இனிப்பு வரும்வரை

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில் அவர் எனக்கு எதிரே இருந்தார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. மடியில் பனைமரத்தில் செய்த ஊன்றுகோல். விஞ்ஞானம் படிப்பித்தவர், சலரோகத்தில் கால் போனவர் என்று பக்கத்திலிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்.

சட்டைப் பையிலிருந்து ஒரேயொரு துண்டு புழுக்கொடியலை எடுத்து வாயில் போட்டார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கல்லுப்போல இருக்கும். யாராவது கதை கொடுத்தால் விரலை உயர்த்தி நிறுத்திவிட்டு, கண்ணை மூடிச் சப்பிக்கொண்டே இருந்தார்.

"வந்திட்டுது," என்றார் கடைசியில்.

"என்ன ஐயா?"

"இனிப்பு. சப்பச் சப்பக் கிழங்கிலை இருக்கிற மா சீனியா மாறும், பிள்ளை."

"உங்களுக்குச் சீனி கூடாதெல்லோ?"

"ஓம். காலைக் கொண்டு போனதே சீனிதான். அதுக்காக இந்த அதிசயத்தைப் பாராமல் இருக்க ஏலுமே?"

பல்லிடுக்கிலிருந்து கிழங்கின் நார்த்தும்பு ஒன்றை இழுத்து வெயிலில் பிடித்தார். "இதுவும் அதே சீனிதான். கோத்த விதம் வேறை, அதாலை எங்கடை வயித்திலை சமிக்காது. படகு கட்டுற தும்புக்கயிறு, உம்மடை பருத்திச் சீலை, அந்தா தெரியிற பனங்கூடல், எல்லாம் சீனி கோத்ததுதான்."

கரையிலிருந்த பனந்தோப்பைப் பார்த்தேன். காற்றில் அசைந்துகொண்டிருந்தது அவ்வளவும் சீனி.

படகு கரையில் அணைந்ததும் கைகொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஊன்றுகோலில் முழுப் பாரத்தையும் போட்டு எழும்பினார். பிறகு அதைத் தட்டிக்காட்டிச் சிரித்தார்.

"கொண்டு போனதும் சீனி, தாங்கிறதும் சீனி, பிள்ளை."

இப்போதும் மரக்கதிரையில் அமருமுன் அதை ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.