அப்பா சொல்லாமல் விட்ட பாதி

டர்பென்டைன் வாசம் சோப்புப் போட்டாலும் போகாது. நகக்கண்ணுக்குள் போய் இருந்துவிடும். லண்டனில் மாலை நேரத்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போவார். எனக்கென்ன... பை வைக்க இடம் கிடைக்கும்.

அந்தப் பைக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றும், பெயின்ட் அப்பிய பழைய டீஷர்ட் ஒன்றும் இருக்கும்.

காலையில் பிசினஸ் ஸ்கூல். கண்ணாடிக் கட்டடம். நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது "ஸ்ட்ராடஜி" என்பார்கள். மதியம் ஆர்ட் ஸ்டூடியோ. பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி, ஹீட்டர் வேலை செய்யாத பழைய கட்டடம். இடையில் டாய்லெட்டுக்குள் நின்று உடுப்பு மாற்றுவேன்.

பிசினஸும் விஷுவல் ஆர்ட்ஸும் சேர்ந்த டபுள் டிகிரி. நாலு வருஷம் இதே ஓட்டம்.

எங்கே இருந்தாலும் மற்ற இடத்தில் இருக்கவேண்டும் போலவே இருக்கும். மார்க்கெட்டிங் வகுப்பில் முன்னால் இருப்பவனின் காதை நோட்டின் ஓரத்தில் படமாகக் கீறுவேன். ஸ்டூடியோவில் பிரஷ்ஷைத் தொட்டால் கொடுக்காத அசைன்மென்ட் ஞாபகம் வரும். பஸ்ஸிலாவது நிம்மதியா என்றால், அங்கே இரண்டுக்கும் லேட்!

ஆனால் அந்த நாட்களில் என்னை உண்மையாகவே அரித்தது வேறு ஒன்று.

வெள்ளிக்கிழமைகளில் மனோர் பார்க்கில் கோயிலுக்குப் போவோம். சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே யாராவது அப்பாவைப் பிடித்துவிடுவார்கள்.

"மகள் என்ன படிக்கிறா?"

"பிசினஸ்."

அவ்வளவுதான். அதோடு அப்பாவின் வாய் மூடிவிடும். நான் பக்கத்தில் நின்று அடுத்த சொல் வருமா, வருமா என்று பார்ப்பேன். வரவே வராது. பிறகு உள்ளே போய் முருகனுக்கு முன்னால் நின்றாலும் எனக்குக் கோபம்தான் வரும், பக்தி வராது. ஒரே ஒரு தடவை, நாலு பேருக்கு முன்னால் அவர் மற்றப் பாதியையும் சொன்னால் போதும் என்றிருந்தது.

கடைசி வருஷம், படிப்பு முடிகிறபோது எங்கள் படங்களை வைத்து ஒரு கண்காட்சி. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஷிப்ட் மாத்த ஏலுமோ தெரியேல்லை, பிள்ளை. பாப்பம்."

வரமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் வந்தார். பெட்ரோல் ஸ்டேஷன் யூனிஃபோர்முக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தார்.

நான் டூட்டிங் பக்கத் தமிழ்க் கடைகளின் வாசலில் அடுக்கியிருக்கும் மரக்கறிப் பெட்டிகளை வரைந்திருந்தேன். அப்பா லண்டனுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு கடையில்தான் வேலை செய்தவர். படத்துக்குக் கிட்டப் போனார், பின்னால் வந்தார், திரும்பவும் கிட்டப் போனார்.

"கத்தரிக்காயை இப்பிடி அடுக்கினா கீழ உள்ளது நசிஞ்சு போகுமெல்லே?"

நாலு வருஷப் படிப்புக்கு அப்பாவிடமிருந்து கிடைத்த முதல் விமர்சனம்!

அப்போதுதான் ஹனா வந்தாள். ஸ்டூடியோவில் நாலு வருஷமும் எனக்குப் பக்கத்து மேசை. அப்பா அவளுக்குக் கை கொடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார், மகள் பிசினஸும் படிக்கிறாள், டபுள் டிகிரி என்று.

ஹனா என்னைப் பார்த்தாள். "பிசினஸா? காலையில் வேலைக்குப் போகிறேன் என்றுதானே இவ்வளவு நாளும் சொன்னாய்?"

ஓம்... அப்படித்தான் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போடுகிற ஆளை ஸ்டூடியோவில் யாரும் ஆர்ட்டிஸ்ட்டாக மதிக்கமாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பிசினஸ் ஸ்கூலிலும் இதே கதைதான். மதியத்தில் எங்கே ஓடுகிறாய் என்று கேட்டால் டென்டிஸ்ட் என்பேன். நாலு வருஷமாக எனக்குப் பல் வைத்தியம்!

அப்பாவுக்கு இங்கிலீஷ் பேசுவது கஷ்டம், விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார்.

"ஏன் பிள்ளை, பிசினஸ் படிக்கிறனெண்டு சொல்ல வெக்கமோ?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீங்கள் மட்டும் கோயில்ல ஆர்ட்டைப் பற்றிச் சொன்னனீங்களோ, அப்பா?"

பிளேஸ்டோ ஸ்டேஷன் தாண்டியதும் அப்பா ஜாக்கெட் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"நான் பயத்திலதான் சொல்லாமல் விட்டனான். படம் கீறி என்ன வேலை எடுக்கப்போறா எண்டு கேட்டா, என்னட்டப் பதில் இல்லை. உன்னட்ட இருக்கெண்டு நினைச்சன்."

என்னிடமும் இல்லை. அவர் மேல் நாலு வருஷம் கோபத்தைச் சுமந்து திரிந்தேனே... நான் செய்ததும் அதே வேலைதான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் போய்விட்டன. இப்போது ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைகிறேன். வரைய உட்கார்ந்தால் திங்கட்கிழமை மீட்டிங் ஞாபகம் வருகிறது, மீட்டிங்கில் கை தானாகக் கீறுகிறது. அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. டாய்லெட்டில் நின்று உடுப்பு மாற்றுவது மட்டும் இப்போது இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டு லைனில் நிற்கும்போது தெரிந்த அன்ரி ஒருவர் கேட்டார்.

"நீர் இப்ப என்ன செய்யிறீர்?"

"மார்க்கெட்டிங், அன்ரி."

அதோடு நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற அப்பா எட்டிப் பார்த்தார்.

"படமும் கீறுறவ," என்றார்.

அவருடைய பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. என்னுடையது இன்னும் போகவில்லை.